தாத்தாவின் விரல் மறுபடியும் சீட்டுக் கிழித்தது எப்படி?

வா தம்பி, வாம்மா தங்கச்சி! இன்றைய பாடத்தை உட்கார்ந்து படிக்க வேண்டாம். எழுந்து நில். பக்கத்தில் ஒரு சுவர் இருக்கட்டும். இப்போது ஒரு காலைத் தூக்கு. மனசுக்குள் எண்ணு. எத்தனை எண்ணும் வரை நின்றாய்?

சரி, அதையே கண்ணை மூடிக்கொண்டு செய்.

என்ன, பத்து எண்ணுவதற்குள் ஆடிவிட்டாயா? யாருக்குமே அப்படித்தான். ஏன் ஆடுகிறோம் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தக் கட்டுரையை எழுத வைத்த கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது பள்ளிக்கரணையில். எங்கள் பக்கத்து வீட்டில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு சுட்டி இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை அழைத்துக்கொண்டு ரேடியல் ரோட்டுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர்ச் சதுப்பு நிலம் தெரியும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம் அது. உலகமே பாதுகாக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியல் என்று அதைச் சொல்லலாம்.

தூரத்தில் பூநாரைகள் நின்றிருந்தன. ஒற்றைக் காலில். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “மாமா, இதுங்க ஒத்தக் கால்லயே இவ்ளோ நேரம் நிக்குதே. எங்க தாத்தாவால ரெண்டு கால்லயும் நிக்க முடியலையே, ஏன்?”

எவ்வளவு நல்ல கேள்வி, பார்த்தாயா? பறவையையும் பார்த்தாள், தாத்தாவையும் நினைத்தாள். இரண்டையும் சேர்த்து யோசித்தாள். விஞ்ஞானி யோசிப்பதும் இப்படித்தான்.

முதலில் பூநாரை. அது ஒற்றைக் காலில் நிற்கத் தசையை இறுக்கிப் பிடிக்க வேண்டியதே இல்லை. 2017-ல் அமெரிக்காவில் இரண்டு விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இறந்துபோன ஒரு பூநாரையின் உடலை எடுத்து, ஒற்றைக் காலில் சரியான சாய்வில் வைத்தார்கள். அது விழாமல் நின்றது! மடக்குக் கட்டிலின் காலை விரித்தால் ஓர் இடத்தில் போய் நின்றுகொள்ளும் இல்லையா? அதைப்போல அதன் மூட்டு தானாகவே நிலைத்துவிடுகிறது.

நமக்கு அந்த வசதி இல்லை. நீ சும்மா நிற்கும்போதும் உன் உடம்பு வேலை செய்துகொண்டே இருக்கிறது. நம்பிக்கை இல்லையா? மறுபடி ஒற்றைக் காலில் நின்று, கீழே இருக்கும் பாதத்தைக் கவனி. விரல்கள் நெளிகின்றன. கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னச் சின்னதாக ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் உன்னை விழாமல் பிடிப்பதற்காக.

பிடிக்கச் சொல்வது யார்? மூளை. நீ சாய்கிறாய் என்று மூளைக்குச் சொல்வது யார்? அதற்கு மூன்று பேர் இருக்கிறார்கள். கண் ஒன்று. காதுக்குள்ளே சமநிலையை உணரும் குட்டி உறுப்பு ஒன்று. இன்னொன்று பாதத்திலும் தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்வு நரம்புகள். கண்ணை மூடியபோது மூவரில் ஒருவருக்கு லீவு கொடுத்துவிட்டாய். அதனால்தான் ஆடினாய்.

அந்த மூன்றாவது ஆள் கொஞ்சம் மாயக்காரன். நீ காத்தாடி விட்டிருக்கிறாயா? காத்தாடி மேகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டாலும் நூல் உன் விரலை இழுப்பதை வைத்தே அது குத்துகிறதா, ஏறுகிறதா என்று சொல்லிவிடுவாய். அதுபோல நரம்பு என்ற நூல் வழியாக மூளைக்குச் சேதி வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பார். சரியாகத் தொட்டாயா? உன் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உனக்குத் தெரிந்திருக்கிறது!

இதுவரை புரிகிறதா? நிற்பதற்குக் கால் மட்டும் போதாது. சேதி போக வேண்டும், சேதி வர வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொண்டு தாத்தாவிடம் வா.

தாத்தா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தாம்பரம் - வேளச்சேரி சாலையில் எத்தனையோ வருஷம் விசில் ஊதியவர். ஒரு நாள் காலையில் காபி டம்ளரை எடுத்தார். டம்ளர் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பேத்திதான் முதலில் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள். உடனே 108-க்குப் போன் போனது.

இதற்குப் பக்கவாதம் என்று பெயர். ஸ்ட்ரோக் என்றும் சொல்வார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. அடைப்புக்குப் பதிலாகக் குழாய் வெடித்தும் இது வரலாம். ரத்தம் போகாத இடத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் செத்துப்போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே நிமிடத்துக்கு அவ்வளவு! அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் முகம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, ‘கொஞ்சம் படுத்தா சரியாயிடும்’ என்று யாரும் சொல்ல விடாதே. 108. மூன்றே எண்கள்தான். உன் விரலாலேயே அழுத்தலாம்.

தாத்தாவுக்கு அடைப்பு மூளையின் இடது பக்கத்தில். விழுந்தது வலது கையும் வலது காலும். மாறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாயா? இல்லை கண்ணு. மூளையின் இடது பாதி உடம்பின் வலது பாதியை ஆள்கிறது. நரம்புகள் கீழே இறங்கும்போது பக்கம் மாறிக் குறுக்கே போகின்றன.

இப்போது உன் பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். நாலு மணிக்கு மணி அடித்தால் எல்லாரும் ஓடுவீர்கள். ஒரு நாள் மணி அடிக்கும் அண்ணன் வரவில்லை என்று வைத்துக்கொள். பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பையைக் கட்டிக்கொண்டு தயாராகத்தான் இருக்கிறார்கள். மணிதான் அடிக்கவில்லை. தாத்தாவின் கையும் அப்படித்தான். எலும்பு நன்றாக இருந்தது, தசையும் நன்றாக இருந்தது. ‘தூக்கு’ என்று மணியடிக்க வேண்டிய இடம் மூளைக்குள் அடிபட்டுக் கிடந்தது.

ஆனால் மணி அடிக்காத பள்ளிக்கூடம் எத்தனை நாள் அப்படியே இருக்கும்? வேலை இல்லாத தசை இளைத்துவிடும். உன் வகுப்பில் யாராவது கை உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்களா? கட்டைப் பிரித்ததும் அந்தக் கை குச்சிபோல இருந்திருக்குமே! நல்ல உடம்புள்ள ஆளே ஒரு வாரம் அசையாமல் படுத்துக் கிடந்தால் தசையின் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். மூட்டும் துருப்பிடித்த கதவுக்கீல்போல இறுகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் தாத்தாவின் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததுமே அவரை எழுப்பி உட்கார வைத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் பயம். “இப்பத்தானே பொழச்சிருக்காரு, படுத்திருக்கட்டுமே” என்றார் பாட்டி. பாசத்தில் சொன்னார். ஆனால் அளவுக்கு மீறிய படுக்கை இந்த நோய் வந்தவருக்கு எதிரி.

மருத்துவத்தில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவம் என்று அதற்குப் பெயர். மற்ற டாக்டர்கள், ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்பார்கள். இந்த டாக்டர் அதையும் கேட்டுவிட்டு இன்னொன்றையும் கேட்பார்: ‘நீங்கள் மறுபடியும் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?’ எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். இந்த ஒரு கேள்வியில் நோயாளி மறுபடி மனிதராகிவிடுகிறார்.

இந்த டாக்டர் தனியாக வேலை செய்வதில்லை. நடையையும் தசையையும் பார்த்துக்கொள்ள பிசியோதெரபிஸ்ட் இருப்பார். சட்டை போடுவது, சாப்பிடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைச் சொல்லித்தர ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பார். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தர ஒருவர். செயற்கைக் கால், பலவீனமான காலைத் தாங்கும் காலிப்பர் செய்து தர ஒருவர். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே, ஈசிஆரில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. வீட்டுக்கே பிசியோ வருவதும் உண்டு. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவதுபோல, பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது.

எங்கள் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிசியோ அக்கா வந்தார். சின்னப் பெண். தோளில் ஒரு பை. தாத்தாவின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டார்: “தாத்தா, உங்களுக்கு முதல்ல எது வரணும்?”

தாத்தா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு இடது கையால் தன் சட்டைப் பித்தானைத் தொட்டுக் காட்டினார். முப்பது வருஷம் காக்கிச் சட்டையைத் தானே பித்தான் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனவர். இப்போது பாட்டி போட்டுவிடுவது அவருக்குத் தாங்கவில்லை.

செத்துப்போன நரம்புச் செல் திரும்பி வராதே, பின்னே கை எப்படித் திரும்பி வரும் என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை நம் சதுப்பு நிலத்திலேயே இருக்கிறது.

மழைக்காலத்தில் பல ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரும். நாணல் நடுவே ஓடும் சின்ன வாய்க்கால் ஒன்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும்? அங்கேயே கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டு நிற்கும். பிறகு பக்கத்தில் பள்ளம் தேடும். முதல் நாள் வெறும் ஈரக்கோடு. மறுநாளும் அதே வழியாகப் போனால் சிறு தடம். மாதக்கணக்கில் போனால் அதுவே வாய்க்கால்.

உன் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பல ஆயிரம் செல்களோடு கைகோத்திருக்கிறது. ஒரு வழி அடைபட்டால், அடிபட்ட இடத்தைச் சுற்றி உயிரோடு இருக்கும் செல்கள் புது வழி தேடும். ஆனால் தண்ணீர் ஓடினால்தான் வாய்க்கால் ஆகும். கையை அசைக்க முயன்றால்தான் அந்த வழியில் சேதி ஓடும். ஒரு நாள் முயன்றுவிட்டு விட்டால் ஈரக்கோடு காய்ந்துவிடும். அதனால்தான் பிசியோ, ‘இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

புரிந்ததா? ஒரு தடவை உன் வார்த்தையில் யாருக்காவது சொல்லிப் பார். சொல்ல வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் மூன்று வாரம் தாத்தா உட்காருவது, எழுவது, வாக்கரைப் பிடித்து நிற்பது. காலில் மெதுவாக உயிர் வந்தது. கைதான் அடம் பிடித்தது. அக்கா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். தாத்தாவுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. பந்தைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார்.

ஒரு நாள் அக்கா பேத்தியைக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னார். அவள் பழைய நோட்டைக் கிழித்து, சின்னச் சின்னச் சீட்டுகளாக நறுக்கி, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து ஒரு கட்டுச் செய்துவந்தாள். பஸ் டிக்கெட் கட்டு! இடது கையில் கட்டைப் பிடித்து, வலது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சீட்டைக் கிழிக்க வேண்டும்.

நான் அன்று பக்கத்தில் இருந்தேன். தாத்தாவின் வலது கை மடியில் மூடிக் கிடந்தது. முகம் சிவக்க அதைத் தூக்கினார். கட்டைவிரல் சீட்டைத் தொட்டது. வழுக்கியது. மறுபடி தொட்டது. நெற்றியில் வேர்வை. தாத்தா விரலையே முறைத்துப் பார்த்தார். “விரலப் பாக்காதீங்க தாத்தா, சீட்டப் பாருங்க” என்றார் அக்கா. எட்டாவதோ ஒன்பதாவதோ முயற்சியில் சீட்டு கோணலாக, பாதியாகக் கிழிந்து வந்தது. தாத்தா அதைப் பேத்தியிடம் நீட்டி, குழறலாக, “வே...ளச்...சேரி” என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் டிக்கெட் வாங்காமல் கூடத்தைத் தாண்ட முடியாது. பால்காரர்கூட வாங்கினார். ஒரு நாளைக்கு நூறு சீட்டு, நூற்றைம்பது சீட்டு. பந்தை அழுத்தியபோது வராத கணக்கு இதில் வந்தது. காரணம் இருக்கிறது. அந்த வேலையில் அவருக்கு அர்த்தம் இருந்தது, கவனம் இருந்தது. வெறுமனே விரலை ஆட்டுவதைவிட, ஒரு வேலையைச் செய்து முடிக்க முயலும்போது மூளை நன்றாகக் கற்கிறது. நீயும் அப்படித்தானே? வாய்ப்பாட்டை ஒப்பிப்பதைவிட, கடையில் மீதிச் சில்லறை எண்ணும்போது கணக்கு வேகமாக வருகிறதே!

இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு கை பலவீனமானால் நாம் என்ன செய்வோம்? நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். பலவீனமான கை பின்பெஞ்சில் போய்த் தூங்கிவிடும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைக் கவனித்தார். நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பலவீனமான கையையே வேலை வாங்கினார். இரண்டு வாரப் பயிற்சியில் பலருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எல்லாருக்கும் இது ஒத்துவராது. கையில் கொஞ்சமாவது அசைவு இருந்தால்தான் பயன். யாருக்குச் செய்யலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தந்திரத்தை யோசித்தவர் நம்ம ஆள்! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த விளையனூர் ராமச்சந்திரன். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலிப்பதுபோல இருக்கும். இல்லாத கையை எப்படி விரிப்பது? 1990-களில் அவர் ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடியும் எடுத்தார். நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன்னால் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரிகிற கை, போன கை திரும்பி வந்ததுபோலத் தெரியும். நல்ல கையை விரித்தால் அதுவும் விரியும். அதைப் பார்த்ததும் சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது. இன்று பக்கவாதம் வந்தவர்களின் கைப் பயிற்சிக்கும் இதே கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். சந்தைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடிதான்! நீயும் இரண்டு கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்திப் பார். மறைந்த கையை அசைக்காமல், முன்னால் இருக்கும் கையை மட்டும் ஆட்டு. உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு வரும்.

இப்போது உன்னை வேலூருக்கு அழைத்துப் போகப் போகிறேன். மறுவாழ்வு மருத்துவம் நம் நாட்டில் வேர்விட்ட கதை ஒன்று அங்கே இருக்கிறது.

மேரி வர்கீஸ் என்று ஓர் அம்மா. 1925-ல் கொச்சிப் பக்கம் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரியில் தோழர் தோழிகளோடு வண்டியில் போனபோது வண்டி உருண்டு விபத்து. முதுகுத்தண்டில் பலமான அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

இது தாத்தாவுக்கு வந்ததுபோல இல்லை, கவனி. அங்கே மணியடிக்கும் இடம் அடிபட்டது. இங்கே மூளை முழுசாக இருக்கிறது, காலும் இருக்கிறது, நடுவில் நூல் அறுந்துவிட்டது. காத்தாடி ‘டீல்’ ஆனதுபோல. முதுகுத்தண்டு நரம்பு அறுந்தால் அது மறுபடி சேர்வது மிகக் கடினம். இருபது வயதுகளில் இருக்கும் ஒரு டாக்டர். அறுவைச் சிகிச்சை செய்ய ஆசைப்பட்டவர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அவர் நேராக்கிக்கொண்டிருந்தார். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. இன்று மருந்தால் முழுசாகக் குணமாகும். ஆனால் மருந்து தாமதமானால் கை நரம்புகள் கெட்டு, கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட முடியாமல் போகும். கட்டைவிரல் வராவிட்டால் ஒரு மாம்பழத்தைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாது. வேண்டுமானால் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு முயன்று பார்!

இதற்கு ஒரு வழி உண்டு. மோதிர விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டைவிரலில் கட்டிவிடுவார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தாலும் கட்டைவிரல் உடனே அசைந்துவிடாது. நோயாளி ‘மோதிர விரலை மடக்கு’ என்று நினைத்தால்தான் கட்டைவிரல் அசையும்! மூளைக்கு ஆள் மாறிய விஷயம் தெரியாதே. தினமும் பழகப் பழக, மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடும். கத்தி பிடித்த டாக்டரின் வேலை சில மணி நேரம்தான். பயிற்சியாளரும் நோயாளியும் செய்யும் வேலை பல வாரங்கள்.

இந்தக் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்று மேரியிடம் சொன்னார் பிராண்ட். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியைப் பிடித்தார். தன் கால்கள் அசையாத அந்த அம்மா, மற்றவர்களின் கைகளை அசைய வைத்தார். அந்த நோயாளிகளுக்கு அவரைப் பார்த்தாலே பாதித் தெம்பு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்ச் சக்கர நாற்காலியோடு சொந்தமாக வாழப் பயின்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல், நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் வேலூரின் பாகாயத்தில் திறந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று அதுதான் முதல். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார்.

முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு அங்கே என்ன கற்றுத்தருவார்கள் தெரியுமா? கைகளை ஊன்றி, தன் முழு எடையையும் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற. நாற்காலியில் மேடு பள்ளம் தாண்ட. ரொம்ப முக்கியமான ஒன்று, படுக்கைப் புண் வராமல் காத்துக்கொள்ள. நீ இதைப் படிக்க உட்கார்ந்ததிலிருந்து எத்தனை முறை நெளிந்திருப்பாய்? ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது, அதனால் நீ அறியாமலே நகர்கிறாய். உணர்வு இல்லாதவருக்கு வலிக்காது. நகர மாட்டார். ரத்தம் போகாமல் தோல் புண்ணாகிவிடும். அதனால் படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பார், வலிகூட நமக்குக் காவல்காரன்தான்! வேலூரில் ஆண்டுதோறும் ரீஹாப் மேளா என்று ஒரு விழா நடக்கும். பயிற்சி பெற்று ஊருக்குப் போனவர்கள் திரும்ப வந்து, விளையாடி, பாடி, தாங்கள் பிழைக்கும் கதைகளைப் பகிர்ந்துகொள்வார்கள்.

உடம்பு முழுசாகத் திரும்பாத இடத்தில் கருவி கைகொடுக்கும். எங்கள் வேளச்சேரி பக்கத்திலேயே இருக்கிற சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவினர் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். 2019-ல் ‘அரைஸ்’ என்ற சக்கர நாற்காலியை வெளியிட்டார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் விரும்பினால் நிற்கவும் முடியும். நின்றால் எலும்புக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நல்லது. அலமாரியின் மேல்தட்டும் எட்டும். 2022-ல் ‘கடம்’ என்ற செயற்கை முழங்கால் வந்தது. சாதாரண செயற்கை முழங்கால் கதவுக்கீல்போல ஒரே அச்சில் மடங்கும். இது பல அச்சுகளில், கிட்டத்தட்ட நம் முழங்காலைப்போல மடங்கும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடிக்காமல் காலை மடக்கி உட்காரலாம். பல்லவன் சாலையிலும் தாம்பரத்திலும் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம், சொல்லு!

பெரிய கருவிதான் வேண்டும் என்றில்லை. தாத்தாவின் ஸ்பூன் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றிப் பருமனாக்கினார் அக்கா. மெல்லிய கம்பியைப் பிடிப்பதைவிடத் தடித்ததைப் பிடிப்பது சுலபம். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

தாத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்றுதானே கேட்கிறாய்? எட்டு மாதம் ஆகிறது. கோல் ஊன்றித் தெருமுனை டீக்கடை வரை போகிறார். வலது பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் தெளிவாக வருகிறது. விசில் இன்னும் சரியாக வரவில்லை. உதட்டின் வலது ஓரத்தில் காற்று கசிகிறது. அதற்கும் தினமும் காலையில் பழகுகிறார். சட்டையில் ஐந்து பித்தான். நாலைத் தானே போட்டுக்கொள்கிறார். கழுத்துப் பித்தானைப் பேத்தி போட்டுவிடுகிறாள்.

எல்லாருக்கும் இவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது கண்ணு. அடி எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை சீக்கிரம் சிகிச்சை தொடங்கியது என்பதைப் பொறுத்தது அது. முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும். மெதுவாகும்போதுதான் பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னொரு டிக்கெட் குடுங்க தாத்தா” என்று கேட்க ஒரு பேத்தி வேண்டும்.

உன் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால் ஒன்று மட்டும் ஞாபகம் வை. தூக்கிவிடும் அவசரத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுக்காதே. தோள்மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் அங்கே தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு விலகி ரொம்ப நாள் வலிக்கும். பெரியவர்களைக் கூப்பிடு. அவர் பேசத் திணறினால் நீ முந்திக்கொண்டு முடித்துவிடாதே. காத்திரு.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். டேப் ஒன்று எடுத்துக்கொண்டு உன் பள்ளிக்கூட வாசலுக்குப் போ. சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப்பாதை இருக்கிறதா? இருந்தால் வாசல் எத்தனை அங்குல உயரம், பாதை எத்தனை அடி நீளம் என்று அள. 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். அதைவிடக் குறைந்தால் செங்குத்தாகிவிடும், கையால் தள்ளி ஏறுவது கஷ்டம். பாதையின் மேல் யாராவது பைக் நிறுத்தியிருக்கிறார்களா என்றும் பார்.

அளந்ததை உன் தலைமை ஆசிரியரிடம் காட்டு. எனக்கும் ஒரு கடிதத்தில் எழுது. பள்ளியின் பெயர், உயரம், நீளம். நான் காத்திருக்கிறேன்.